வீணைக்கு எந்தக் கித்தார் நெருக்கம்?

புக்கிட் மெர்தாஜாம் என்றால் வட மலேசியாவில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஜூலை மாதத்துப் புனித அன்னாள் ஆலயத் திருவிழா. அடுத்தது பட்டர்வொர்த்திலிருந்து வரும் இருப்புப்பாதை முதன்மைத் தடத்தோடு சேரும் ரயில் சந்திப்பு. இசை வரலாற்றிலும் இந்த ஊருக்கு ஒரு நாள் உண்டு. 1948இல் இங்கே நடந்த ஒரு விவசாய விழாவில், பினாங்குத் தீவிலிருந்து வந்த 19 வயது இளைஞர் ஒருவர் தாம் இயற்றிய 'அஸிஸா' என்ற பாட்டைப் பாடினார். கூட்டத்தில் இருந்தவர்களில் ஒருவர் இந்திய இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ், சிங்கப்பூரில் ஷா சகோதரர்களுக்காக மலாய்ப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். அந்த இளைஞரை அவர் சிங்கப்பூருக்கு அழைத்துக்கொண்டார். பி. ரம்லியின் திரைவாழ்வு அப்படித்தான் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில், பினாங்கில் வளர்ந்த தமிழரான எல். கிருஷ்ணன் தமது 'பக்தி' படத்தில் அவரைக் கதாநாயகன் ஆக்கினார். ரம்லி உக்குலேலேயில் கைபழகி, கித்தாருக்கும் வயலினுக்கும் போனவர். அவர் காலத்து மலாயாவின் மேடைகளில் கித்தார் என்ற பெயருக்கு உரிய கருவிகள் பல இருந்தன. கெரோஞ்சோங் என்ற இசைவகையின் குழுவில் ஆறு தந்திக் கித்தாரோடு சுக், சாக் என்று இரண்டு குட்டிக் கருவிகள். ஹவாய்க் கித்தார் மடியில் படுத்திருக்கும். ஸ்பானியக் கித்தார் மார்போடு சாய்ந்திருக்கும். இவற்றையெல்லாம் எந்த அடிப்படையில் வகை பிரிப்பது? வழக்கமாக நாம் உருவத்தைப் பார்த்துப் பிரிக்கிறோம்: பெரியது, சிறியது, துளை உள்ளது, துளை இல்லாதது, மின்சாரம் வேண்டுவது, வேண்டாதது. கித்தாரின் குலத்தைத் தீர்மானிப்பது அதன் தந்தி, அந்தத் தந்தியின் இறுக்கம், தந்திக்கும் மெட்டுக்கும் உள்ள உறவு ஆகியவைதான் என்பது என் வாதம். அப்படிப் பார்த்தால் உறவுமுறைகள் தலைகீழாகின்றன. நமக்கு மிக அந்நியமாகத் தோன்றும் மின்கித்தார்தான் வீணைக்கு மிக அருகில் வந்து நிற்கிறது.

தந்தியின் கணக்கு எளிமையானது. 1636இல் பிரெஞ்சுத் துறவி மாரென் மெர்சென் அதை நூலாக எழுதினார். தந்தி நீண்டால் சுரம் தாழும், பருத்தால் தாழும், இறுக்கினால் ஏறும். ஆனால் இறுக்கத்தின் பயன் மெதுவாகத்தான் வரும்: சுரத்தை ஒரு ஸ்தாயி உயர்த்த வேண்டுமானால் இழுவிசையை நான்கு மடங்காக்க வேண்டும். நம் பழைய யாழ் இந்தக் கணக்கை வேறு வழியில் தீர்த்தது. சுரத்துக்கு ஒரு நரம்பு. பேரியாழுக்கு 21 நரம்பு. மெட்டு வைத்த கருவியோ, ஒரே தந்தியின் நீளத்தை விரலால் குறைத்துப் பல சுரங்களைப் பெறுகிறது. கித்தாரும் வீணையும் இந்தப் பக்கத்தில் ஒன்றாக நிற்பவை. 650 மில்லிமீட்டர் தந்தி கொண்ட கித்தாரில் முதல் மெட்டு 36.5 மில்லிமீட்டரில் விழும். பன்னிரண்டாவது சரிபாதியில், 325இல். வீணையிலும் ஒரு ஸ்தாயிக்கு 12 மெட்டுகள்தான். இரண்டு ஸ்தாயிக்கு 24. பதினேழாம் நூற்றாண்டுத் தஞ்சையில், ரகுநாத நாயக்கர் காலத்தில், கோவிந்த தீட்சிதரோடு சேர்த்துச் சொல்லப்படும் அமைப்பு இது. மெட்டு வைத்த கருவி தமிழ் இசைக்குப் புறம்பானது என்று யாராவது சொன்னால், அவர் முதலில் வீணையைத்தான் மேடையிலிருந்து இறக்க வேண்டும்.

கித்தாரின் நெடிய வரலாற்றில் பெரும்பகுதி குடல் நரம்பின் காலம். பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினின் விகுவேலா, பின்பு வந்த நான்கு இணை, ஐந்து இணைத் தந்திக் கித்தார்கள், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நிலைத்த ஆறு ஒற்றைத் தந்திகள் எல்லாமே பெரும்பாலும் ஆட்டுக்குடலைத் திரித்த நரம்பில் ஒலித்தவை. தந்தி தானாகக் காற்றை அசைக்காது. அவ்வளவு மெலிந்தது அது. தந்தியைத் தாங்கும் குதிரை வழியாக அது முகப்பலகையை அசைக்க வேண்டும். பலகையும் பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் சேர்ந்துதான் ஒலியை அறைக்குள் தள்ளுகின்றன. பலகை மெல்லியதாக இருந்தால் நன்றாக அசையும், ஆனால் இழுப்புத் தாங்காது. தடித்திருந்தால் தாங்கும், ஆனால் ஊமையாகிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோரெஸ் பெட்டியைப் பெரிதாக்கி, மெல்லிய முகப்பலகையின் உட்புறத்தில் விசிறிபோல் தாங்கு குச்சிகளைப் பரப்பி, இந்தப் பேரத்தை நரம்புக்குச் சாதகமாக முடித்தார். இன்றைய ஸ்பானியக் கித்தார் அவர் வகுத்த வடிவம். அதே நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய சி. எஃப். மார்ட்டின், குச்சிகளைப் பெருக்கல் குறிபோல் குறுக்கே வைத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஃகுத் தந்தி பரவியபோது இந்த இரண்டாவது அமைப்புத்தான் தாக்குப்பிடித்தது. ஸ்பானியக் கித்தாரின் ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுக்கின்றன; எஃகுத் தந்திக் கித்தாரில் அது 70 கிலோவைத் தாண்டும். தோரெஸ் வழிக் கித்தாரில் எஃகுத் தந்தியைப் பூட்டினால் நாளடைவில் முகப்பலகை வயிறு தள்ளும், குதிரை பிய்ந்துகொள்ளும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம். குறுக்குத் தாங்கிகள் 1840களிலேயே வந்துவிட்டன. அப்போது மார்ட்டினும் குடல் நரம்புதான் கட்டினார். அப்படியானால் உடல் முதலில், தந்தி பின்னால் என்பதுதானே வரலாறு? காலவரிசை அப்படித்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் எண்பது ஆண்டுகள் அந்த அமைப்பு பல வழிகளுள் ஒன்றாகவே இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். எஃகு வந்த பிறகுதான் அது தவிர்க்க முடியாததாயிற்று. தச்சர் கையில் பல வடிவங்கள் இருக்கும். அவற்றில் எது வாழும் என்பதைத் தந்தியின் இழுப்பு முடிவுசெய்கிறது. இன்னொரு மறுப்பு மரத்தைப் பற்றியது. கித்தார் பிரியர்கள் மரத்துக்காக உயிரை விடுவார்கள். அதில் நமக்கும் பங்குண்டு: உலகின் உயர்ரகக் கித்தார்களின் முதுகிலும் விலாவிலும் இருப்பது பெரும்பாலும் நம் ஈட்டி மரம், தென்னிந்திய மலைகளின் தோதகத்தி. பிரேசில் ஈட்டி மரத்தின் உலக வணிகம் 1992இல் தடைபட்ட பிறகு இந்திய ஈட்டிக்கு மவுசு இன்னும் கூடியது. ஆனால் தோரெஸே 1862இல் முதுகையும் விலாவையும் காகிதக்கூழில் செய்து ஒரு கித்தார் கட்டினார். ஒலியின் உயிர் முகப்பலகையில் இருக்கிறது என்று காட்டத்தான். 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வு இதையே வேறு விதமாகச் சோதித்தது. ஒரே கைவினைஞர் செய்த ஆறு எஃகுத் தந்திக் கித்தார்கள். முதுகும் விலாவும் மட்டும் வெவ்வேறு மரம். மங்கலான வெளிச்சத்தில், கண்ணை மறைக்கும் கண்ணாடி அணிந்து வாசித்த 52 பேர் ஆறுக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பைத்தான் தந்தார்கள். விலைமிக்க பிரேசில் ஈட்டிக்குத் தனி மேன்மை எதுவும் தென்படவில்லை. முகப்பலகையின் மரம் முக்கியம், ஐயமில்லை. ஆனால் ஒரு கித்தாரை இன்னொரு இனமாக மாற்றும் ஆற்றல் மரத்துக்கு இல்லை, தந்திக்கு இருக்கிறது.

இதற்குச் சான்று கெரோஞ்சோங் குழுவிலேயே இருக்கிறது. சுக், சாக் இரண்டும் உக்குலேலே அளவே உள்ளவை. தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் சுக்கில் மூன்று நைலான் தந்தி, சாக்கில் நான்கு எஃகுத் தந்தி. ஒன்று உருண்ட, மென்மையான ஒலி. மற்றது கூர்மையான, வெட்டி விழும் ஒலி. இரண்டும் மாறி மாறி விழுந்து பின்னும் தாளம்தான் கெரோஞ்சோங்கின் நடை. உருவத்தை வைத்து வகை பிரிப்பவர் இந்த இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டுவிடுவார். காதோ உடனே பிரித்துவிடும். இந்தக் குட்டிக் கித்தார்களின் வேர் போர்ச்சுகலில் இருக்கிறது. 1661இல் பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அருகே துகு என்ற இடத்தில் ஒல்லாந்தர் குடியமர்த்திய, போர்ச்சுகீசியம் பேசிய விடுதலை பெற்ற மக்களிடம் அவை வளர்ந்தன. மர்தைக்கர் என்று அழைக்கப்பட்ட அச்சமூகத்தில் வங்கத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியினரும் இருந்தார்கள். கெரோஞ்சோங்கைக் கேட்கும்போது நம் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் அதில் விரல் வைத்திருக்கலாம் என்ற எண்ணம் வராமல் போகாது. இதே போர்ச்சுகீசியக் குட்டிக் கித்தார் 1879இல் மதேராத் தீவினரோடு ஹவாய்க்குப் போய் உக்குலேலே ஆயிற்று. இரண்டு பெருங்கடல்களில் ஒரே குடும்பத்தின் இரண்டு கிளைகள்.

நைலானின் கதையையும் இங்கேயே சொல்லிவிடலாம். இரண்டாம் உலகப் போரின்போது ஆட்டுக்குடல் அறுவைச் சிகிச்சைத் தையலுக்குத் தேவைப்பட்டது. கித்தாருக்கு நரம்பு கிடைக்கவில்லை. நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலான் இழையைத் தந்தியாக்கினார். ஸ்பானியக் கித்தார் மேதை செகோவியா அதை ஏற்றுக்கொண்டார். ரம்லி இங்கே பாடிய அதே 1940களின் பிற்பகுதியில்தான் இது உலகச் சந்தைக்கு வந்தது. நம்முடையதைப் போன்ற ஈரக்காற்று நாட்டுக்கு இது சிறிய செய்தி அல்ல. குடல் நரம்பு ஈரத்தைக் குடிக்கும், குடித்தால் உப்பிச் சுரம் நழுவும், சீக்கிரம் இற்றுப்போகும். பினாங்கின் மழைமாதங்களில் குடல் நரம்பை வைத்துக்கொண்டு கச்சேரி செய்வது பெரும்பாடு. எஃகும் நைலானும் வந்த பிறகே கித்தார் வெப்பமண்டலத்தில் நிம்மதியாகக் குடியேறியது.

ஹவாயில் நடந்த இன்னொரு மாற்றம் நமக்கு மிக நெருக்கமானது. 1889 வாக்கில் ஜோசப் கெக்குக்கு என்ற இளைஞர், மடியில் படுக்கவைத்த கித்தாரின் தந்தியை மெட்டில் அழுத்தாமல், எஃகுத் துண்டொன்றை அதன்மீது வழுக்கிச் சுரமெழுப்பினார். மெட்டு இருந்தும் இல்லாததாயிற்று. இந்த ஹவாய்க் கித்தார் 1915க்குப் பிறகு உலகைச் சுற்றியது. 1940களில் ஹவாய் இசைக்கலைஞர்களான தௌ மோ குடும்பத்தார் கல்கத்தாவில் தங்கி வாசித்தார்கள். அங்கிருந்து தொடங்கிய வழியில்தான் பிரிஜ் பூஷண் காப்ரா ஹவாய்க் கித்தாருக்கு ராகத்தைக் கொண்டுவந்தார், விஸ்வ மோகன் பட் தமது மோகன் வீணையை உருவாக்கினார். தமிழ்நாட்டுக் காதுக்கு அந்த ஒலி புதிதல்ல. மெட்டில்லாத தண்டியில் கருங்காலிக் கட்டையை வழுக்கி வாசிக்கும் கோட்டுவாத்தியம் நம்மிடம் முன்பே இருந்தது. இது போகட்டும். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் மின்கித்தாரும் ஹவாய் வகைதான். வாணலிபோல் வட்டமான உடலும் நீண்ட கைப்பிடியும் கொண்டது. தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் அதன் பிக்கப், காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்தது. எஃகு அதிர்ந்தால்தான் அதில் மின்னோட்டம் பிறக்கும். நைலான் தந்திக்கு அது செவிடு. ஆகவே மின்கித்தார் என்பது எஃகுத் தந்தியின் பிள்ளை. பெட்டி இனித் தேவையில்லை என்றானதும் 1950இல் அமெரிக்கக் கித்தார் தயாரிப்பாளர் ஃபெண்டர் வெறும் பலகையில் கித்தார் செய்து விற்றார். உடலை எடுத்துவிட்டாலும் கித்தார் கித்தாராகவே இருந்தது. தந்திதான் முதல் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டுமா? 1961இல் சிங்கப்பூருக்கு வந்த பிரிட்டிஷ் மின்கித்தார்க் குழுவான ஷேடோஸைப் பார்த்து மலாயாவின் ஊருக்கு ஊர் இளைஞர்கள் குழு அமைத்தார்கள். 'கும்புலான் கித்தார் ராஞ்சாக்' என்பதைச் சுருக்கி 'குகிரான்' என்று மலாய்மொழி அதற்கு ஒரு சொல்லையே உண்டாக்கிக்கொண்டது.

இனி வீணைக்கு வருவோம். வீணையின் உயிர் கமகம். மெட்டில் நிற்கும் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, அங்கே இல்லாத சுரங்களை வரவழைப்பது. ஒரே மெட்டில் நின்று மூன்று, நான்கு சுரத்தானங்கள் மேலே போய்வருவது வைணிகருக்கு அன்றாடம். கித்தாரில் இது நடக்குமா என்பதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். எஃகுக் கித்தாரின் முதல் தந்தி கால் மில்லிமீட்டர் பருமன். நைலான் கித்தாரின் முதல் தந்தி ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர். நீளம் இரண்டிலும் 650 மில்லிமீட்டருக்குச் சற்று முன்பின். சுரம் ஒன்றே, நொடிக்கு 330 அதிர்வு. இழுவிசையும் இரண்டிலும் சுமார் 7 கிலோ. இப்போது இரண்டையும் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.65 மில்லிமீட்டர், நீட்டுங்கள். எஃகு விறைப்பானது: அதன் இழுவிசை ஒரு கிலோ கூடிவிடும், சுரம் ஒரு மெட்டுக்குச் சற்று அதிகமாகவே ஏறும். நைலான் நெகிழ்வது: அதன் இழுவிசை இருநூறு கிராம்தான் கூடும், சுரம் கால் மெட்டு அளவு அசையும். ஸ்பானியக் கித்தாரில் கமகம் வராததற்குக் காரணம் வாசிப்பவரின் பயிற்சிக் குறைவு அல்ல, பண்பாட்டுத் தூரமும் அல்ல, நைலானின் நெகிழ்ச்சி. வீணையில் இருப்பதோ உலோகத் தந்தி. அதன் முதல் தந்தியான சாரணி, கித்தாரின் முதல் தந்தியைவிட நன்கு தாழ்ந்த சுரத்தில், அதன் பருமனுக்குக் குறைந்த இறுக்கத்தில் நிற்பது. இறுக்கம் குறைவாக உள்ள உலோகத்தில் அதே நீட்சி விகிதத்தில் அதிக மாற்றம் செய்யும். போதாததற்கு, பக்கவாட்டு இழுப்பு இரண்டு மடங்கானால் நீட்சி நான்கு மடங்காகும். வீணையின் அகன்ற மெட்டுகள் அந்தத் தூரத்தைத் தருகின்றன. மெல்லிய எஃகுத் தந்தி பூட்டிய மின்கித்தார் இதே வழியில் நடக்கிறது. தந்தியை வளைத்து அழவைக்கும் வாசிப்பு மின்கித்தாரின் அடையாளமாக வளர்ந்ததும், வீணையில் கமகம் வளர்ந்ததும் ஒரே இயற்பியலின் இரண்டு விளைச்சல்கள்.

கமகம் வேண்டியவர்கள் கருவியைத் திருத்திய விதமும் இதையே சொல்கிறது. மாண்டலின் இணைத் தந்திகள் கொண்டது; இரண்டையும் ஒருசேர இழுப்பது பெரும்பாடு. யு. ஸ்ரீநிவாஸ் ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மாண்டலினை எடுத்துக்கொண்டார். அதன் பிறகுதான் அவர் விரலில் தோடியும் கல்யாணியும் அசைந்தன. ஆங்கிலேயக் கித்தார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் அமெரிக்காவில் எஸ். இராமநாதனிடம் வீணை கற்றவர். 1970களில் தமது சக்தி குழுவுக்காக அவர் செய்வித்த எஃகுத் தந்திக் கித்தாரில் மெட்டுகளுக்கு இடையே மரம் குழிவாகக் குடையப்பட்டிருந்தது. வீணையில் மெழுகின்மீது உயர்ந்து நிற்கும் வெண்கல மெட்டில் விரல் மரத்தைத் தொடுவதே இல்லை. தந்தி மட்டுமே விரலின் வசம் இருக்கும். அந்தச் சுதந்திரத்தைத்தான் மெக்லாக்லின் குடைந்து எடுத்தார். சென்னையைச் சேர்ந்த பிரசன்னா கர்நாடக இசைக்கு எடுத்துக்கொண்டதும் மின்கித்தார்தான். நைலான் கித்தார் தமிழருக்கு வேறு வழியில் பயன்பட்டது. இளையராஜா முறைப்படி பயின்றது ஸ்பானியக் கித்தார். அதன் பலம் பல தந்திகளை ஒன்றாக ஒலிக்கவைக்கும் ஒத்திசைவு. திரையிசையில் அது வேரூன்றியதும் கச்சேரி மேடையில் வேரூன்றாததும் இதனால் விளங்கும்.

கடைசி மறுப்புதான் எல்லாவற்றிலும் வலுவானது. கித்தாரின் மெட்டுகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டுகின்றன. நம் சுரங்கள் அப்படி வெட்டப்பட்டவை அல்ல. தம்பூராவில் தானாக எழும் அந்தர காந்தாரம் கித்தாரின் மெட்டைவிட ஒரு சுரத்தானத்தில் ஏழில் ஒரு பங்கு தாழ்ந்தது. பயின்ற காது அதை உடனே கண்டுகொள்ளும். வீணையில் மேளம் கட்டும் கைவினைஞர் மெழுகை இளக்கி, காதால் கேட்டு, ஒவ்வொரு மெட்டையும் அதன் இடத்தில் பதிக்கிறார். தொழிற்சாலையிலிருந்து வரும் கித்தாரில் அந்த வசதி இல்லை. இழுப்பும் சுரத்தை ஏற்றுமே தவிர இறக்காது. இந்தக் குறை உண்மையானது. ஆனால் எஃகுத் தந்தி வாசிப்பவர் ஒரு மெட்டு கீழிருந்து இழுத்து, வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். வைணிகர் நாள்தோறும் செய்வதும் அதுதான். நைலான் வாசிப்பவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. அதனால்தான் மக்காம் எனப்படும் துருக்கிய ராகமுறைகளை ஸ்பானியக் கித்தாரில் வாசிக்க விரும்பிய தொல்கஹான் சோகுலு, 2008இல் வேறு வழி தேடினார். ஒவ்வொரு தந்திக்கும் அடியில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் துண்டு துண்டாக நகரும் மெட்டுகள். தந்தி அசைந்து கொடுக்காத கித்தாரில் மெட்டு அசைந்து கொடுக்கிறது. அவரும் வாசிக்கும் முன் ஒவ்வொரு துண்டையும் விரலால் தள்ளி, காதால் கேட்டு, அதன் இடத்தில் நிறுத்துகிறார்.